ஸ்டாண்டிங் அரியர் வேற, ஹிஸ்டரி வேற: அடி வாங்கிய சிபில் ஸ்கோரை மீட்பது எப்படி?



பிளேஸ்மென்ட் முடிஞ்சு, கடைசி செமஸ்டர்ல இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்ட் வர ஆரம்பிச்ச நேரம். ஒரு பைக் எடுக்கலாம்னு அப்பாவையும் கூட்டிட்டு ஷோரூம் போனேன். பான் நம்பர் கேட்டாங்க, ஓடிபி கேட்டாங்க, கொடுத்தேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு லோன் பார்க்கிற அண்ணன் வந்து என்கிட்ட சொல்லல, அப்பாகிட்ட சொன்னார்: "சார், தம்பி பேர்ல போகாது. சிபில் அடி வாங்கியிருக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். "எவ்வளவுடா கடன் வாங்கி வெச்சிருக்க?"

"தெரியலப்பா."

பொய் சொல்லல. நிஜமாவே தெரியாது. அண்ணாச்சி கடை நோட்டுல கூட மாசக் கடைசிக்கு மேல பாக்கி நிக்க விடாத மனுஷன் அவர். வீட்டுக்கு வர்ற வரைக்கும் பஸ்ல ஒரு வார்த்தை பேசல.

அன்னைக்கு ராத்திரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். ஸ்கோர் 591. காரணம், ரெண்டாம் வருஷத்துல ஒரு ஷாப்பிங் ஆப்ல "இப்போ வாங்கு, அப்புறம் கட்டு"ன்னு வந்த பட்டனை அழுத்தி வாங்கின ஹெட்போன். மிச்சம் நின்னது ரூ. 2,340. நடுவுல சிம் மாத்தினேன், பழைய நம்பருக்கு வந்த மெசேஜ் எதுவும் எனக்கு வரல. நானும் மறந்துட்டேன். அந்த 2,340 தாமதக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 3,870 ஆகி, நான் பேரே கேள்விப்படாத ஒரு நிதி நிறுவனத்தோட பேர்ல ரிப்போர்ட்ல உட்கார்ந்திருந்தது.

அதுக்கப்புறம் எட்டு மாசம் நான் கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை. நம்ம காலேஜ்ல இதே நிலைமையில எத்தனை பேர் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஹாஸ்டல்ல நாலு பேர்கிட்ட இதைச் சொன்னப்போ, ரெண்டு பேர் சத்தமில்லாம போனை எடுத்து ஏதோ ஒரு ஆப்பைத் திறந்து பார்த்தாங்க.

முதல்ல, இது என்ன மார்க் ஷீட்?

"சிபில்"னு நாம சொல்றது ஒரு கம்பெனியோட பேர். இந்தியாவில் ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற கடன் தகவல் நிறுவனங்கள் நாலு இருக்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். 2005-ல் வந்த கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இவை இயங்குது. நீங்க எந்த வங்கியிலோ, நிதி நிறுவனத்திலோ கடன் வாங்கினாலும், கட்டினீங்களா, எத்தனை நாள் தாமதம்னு அவங்க இந்த நாலு பேருக்கும் அனுப்பணும். அந்தப் பதிவுகளை வெச்சுப் போடுற மார்க்தான் ஸ்கோர். 300-ல ஆரம்பிச்சு 900 வரைக்கும். பொதுவா 750-க்கு மேல இருந்தா கடன் கொடுக்கிறவங்க தயங்க மாட்டாங்க. ஆனா இத்தனை மார்க் இருந்தாத்தான் கடன்னு ரிசர்வ் வங்கி எந்தக் கோடும் போடல. அது ஒவ்வொரு நிறுவனத்தோட சொந்த முடிவு.

இதுவரைக்கும் கடனே வாங்காதவங்களுக்கு ஸ்கோர் இருக்காது. அது கெட்ட பேர் இல்லை, எக்ஸாமே எழுதாத மாதிரிதான்.

"நான் லோனே வாங்கப் போறதில்ல, எனக்கு எதுக்கு?"ன்னு கேட்கலாம். வங்கி வேலைக்குப் படிக்கிறவங்க கவனிங்க. ஐபிபிஎஸ் அறிவிப்புகள்ல, வேலையில சேரும்போது கடன் வரலாறு நல்லபடியா இருக்கணும், பாக்கி இருந்தா அதைச் சரிசெய்யணும் இல்லன்னா கடன் கொடுத்தவங்ககிட்ட இருந்து தடையில்லாச் சான்று வாங்கிட்டு வரணும்னு நிபந்தனை இருக்கு. கடன் வரலாறு சரியில்லைன்னு ஒருத்தரோட நியமனத்தை ஒரு பொதுத்துறை வங்கி ரத்து செய்தது செல்லும்னு 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. எக்ஸாம் எழுதி, இன்டர்வியூ முடிச்சு, ஆர்டரும் வாங்கின பிறகு இப்படி நடந்தா எப்படி இருக்கும்?

அரியர் கணக்கு

இதைப் புரிஞ்சுக்க நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு விஷயம் இருக்கு. கேம்பஸுக்கு வர்ற கம்பெனி ரெண்டு கேள்வி கேட்கும். ஒண்ணு, ஸ்டாண்டிங் அரியர் இருக்கா? ரெண்டு, ஹிஸ்டரி ஆஃப் அரியர் இருக்கா? முதலாவது, இன்னிக்கு நிலுவையில இருக்கிறது. அதை எழுதி கிளியர் பண்ணிடலாம். ரெண்டாவது, எப்பவோ விழுந்தது. கிளியர் பண்ணினாலும் அது நடந்ததுதான்.

கடன் ரிப்போர்ட்டும் அப்படியே. பழைய பாக்கியைக் கட்டினா ஸ்டாண்டிங் அரியர் போயிடும். தாமதமா கட்டின ஹிஸ்டரி உடனே போகாது. கடன் தகவலைக் குறைந்தது 7 வருஷம் வெச்சிருக்கணும்னு விதி. அதனால "ஒரே வாரத்துல உங்க சிபிலைச் சுத்தம் பண்ணித் தர்றோம், 5,000 கொடுங்க"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சரியான பதிவை யாராலயும் அழிக்க முடியாது. தப்பான பதிவை நீங்களே காசில்லாம திருத்தலாம். ரெண்டுக்கும் நடுவுல அவங்களுக்கு வேலையே இல்லை.

ஆனா ஒரு நல்ல செய்தி. சிபில் ரிப்போர்ட்ல ஒவ்வொரு கடனுக்கும் மாசாமாசம் கட்டின விவரம் 36 மாசத்துக்குத்தான் காட்டும். ஓடிக்கிட்டிருக்கிற கடன்ல ஒவ்வொரு ஒழுங்கான மாசமும் ஒரு பழைய கெட்ட மாசத்தை வெளியே தள்ளும். அதாவது, நேரம் உங்க பக்கம் இருக்கு. ஆனா இன்னிக்கு ஆரம்பிச்சாத்தான்.

படி 1: நாலு ரிப்போர்ட்டையும் எடுங்க

நாலு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை, ஸ்கோரோட சேர்த்து, இலவசமா கொடுக்கணும். அவங்கவங்க சொந்த இணையதளத்துலயே போய் எடுங்க. "ஃப்ரீ சிபில் செக்"னு விளம்பரம் போடுற ஆப் பலதும் உங்க நம்பரை வாங்கிட்டு லோன் விக்கத்தான் கூப்பிடும்.

உங்க ரிப்போர்ட்டை நீங்களே எத்தனை தடவை பார்த்தாலும் ஸ்கோர் குறையாது. நீங்க லோனுக்கு விண்ணப்பிச்சு, அதுக்காக வங்கி பார்த்தாத்தான் அது "என்கொயரி"யா பதிவாகும். ஷோரூம்ல ரிஜெக்ட் ஆன கோபத்துல நான் அன்னைக்கே போன்ல மூணு ஆப்ல லோன் அப்ளை பண்ணிப் பார்த்தேன். மூணும் என்கொயரியா ஏறினது. பசியோட அலையறான்னு கடன் கொடுக்கிறவங்களுக்கு அது சொல்லும். அந்தத் தப்பை நீங்க பண்ணாதீங்க.

ஏன் நாலும்? ஒரு நிறுவனத்துல இருக்கிற தப்பு இன்னொண்ணுல இருக்காமப் போகலாம். எனக்கு அப்படித்தான் ஆச்சு.

படி 2: வரிக்கு வரி படிங்க

ரிப்போர்ட் முதல் தடவை பார்க்க ஆய்லர் தேற்றம் மாதிரி இருக்கும். இந்தச் சொற்கள் மட்டும் தெரிஞ்சா போதும்.

டிபிடி: தவணை தேதி தாண்டி எத்தனை நாள் ஆச்சுங்கிற எண். 000-ன்னா சரியா கட்டியாச்சு. 030, 060-ன்னு ஏறினா சிக்கல். 90 நாளுக்கு மேல போனா வங்கிக் கணக்குல அது வாராக்கடன்.

குளோஸ்டு: முழுசா கட்டி முடிச்ச கடன். நாம வர வேண்டிய இடம் இதுதான்.

செட்டில்டு: பாக்கியில ஒரு பகுதியை வாங்கிக்கிட்டு மீதியை நிறுவனம் விட்டுக்கொடுத்த கடன். கேட்க நல்லா இருக்கும், ஆனா அடுத்து கடன் கொடுக்கிறவர் இதை "முழுசா கட்டாதவர்"னுதான் படிப்பார்.

ரிட்டன் ஆஃப்: இனி வராதுன்னு நிறுவனம் தன் கணக்குப் புத்தகத்துல எழுதிக்கிட்டது. இதைப் பார்த்து "தள்ளுபடி ஆயிடுச்சு"ன்னு சந்தோஷப்படுறவங்க நிறைய. தள்ளுபடி இல்லை. கடன் அப்படியே இருக்கு. கேட்கிற உரிமையும் அவங்களுக்கு இருக்கு.

கடன் விவரம் மட்டும் இல்லாம உங்க பேர், பிறந்த தேதி, பான், முகவரி, போன் நம்பர் எல்லாத்தையும் பாருங்க. நமக்கு இனிஷியல்னு ஒரு தனிப் பிரச்சனை இருக்கு. ஆதார்ல இனிஷியல் முன்னாடி, பான்ல அப்பா பேர் பின்னாடி, டிசில வேற ஸ்பெல்லிங். இதனால வேற ஒருத்தரோட கடன் நம்ம ரிப்போர்ட்ல வந்து ஒட்டிக்கலாம். என்னோட ஒரு ரிப்போர்ட்ல, நான் பிளஸ் ஒன் படிச்ச காலத்துல எடுத்ததா ஒரு டிராக்டர் கடன் இருந்தது. எங்க வீட்டுல சைக்கிளுக்கு மேல வண்டி இருந்ததில்லை.

படி 3: தப்பா இருந்தா ரீவேல்யுவேஷன் போடுங்க

உங்களுடையது இல்லாத கடன், கட்டி முடிச்சும் பாக்கின்னு காட்டுறது, தப்பான தேதி. இதுக்கெல்லாம் அந்தக் கடன் தகவல் நிறுவனத்தோட தளத்துலயே புகார் போடலாம். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுதலாம். கட்டணம் கிடையாது. 30 நாளைக்குள்ள தீர்க்கணும். அதுக்கு மேல போனா ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 உங்களுக்கு இழப்பீடு தரணும்னு ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவு போட்டு, 2024 ஏப்ரல்ல இருந்து அது நடைமுறையில இருக்கு.

புகார்ல கதை எழுதாதீங்க. எந்தக் கணக்கு, என்ன தப்பு, சரியானது என்ன, ஆதாரம் என்ன. நாலே வரி. பான் நகல், கட்டின ரசீது இணைங்க. புகார் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. என் டிராக்டர் 22 நாள்ல காணாமப் போச்சு.

படி 4: கடன் நிஜமா உங்களுடையதுன்னா

இங்கதான் நிறைய பேர் கட்டியும் ஏமாந்து போறாங்க. என் ரூம்மேட் கதையைக் கேளுங்க. ஒரு லோன் ஆப்ல 18,000 பாக்கி. ஒருநாள் ஒருத்தர் கூப்பிட்டு, "9,000 இன்னிக்கு ஆறு மணிக்குள்ள போட்டா முடிச்சுக்கலாம் தம்பி, அப்புறம் இந்த ஆஃபர் கிடையாது"ன்னார். இவனும் வட்டிக்கு வாங்கி, அவர் அனுப்பின யுபிஐ நம்பருக்குப் போட்டுட்டான். ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா ரிப்போர்ட்ல பாக்கி அப்படியே இருக்கு. அந்த நம்பருக்குக் கூப்பிட்டா ஸ்விட்ச் ஆஃப். 9,000 யாருக்குப் போச்சுன்னு இன்னும் தெரியல.

அதனால வரிசையை மாத்தாதீங்க. முதல்ல காகிதம், அப்புறம் பணம், அப்புறம் மறுபடியும் காகிதம்.

ஒண்ணு: கடன் இப்போ யார்கிட்ட இருக்குன்னு ரிப்போர்ட்ல பாருங்க. ஆப்போட பேர் ஒண்ணா இருக்கும், பின்னாடி பணம் கொடுத்த நிதி நிறுவனம் வேறயா இருக்கும். சில சமயம் கடனை ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு வித்திருப்பாங்க. போன்ல கூப்பிட்டவர் யாரா இருந்தாலும், நீங்க பேச வேண்டியது ரிப்போர்ட்ல பேர் இருக்கிற நிறுவனத்தோட. அவங்க இணையதளத்துல இருக்கிற குறைதீர்ப்பு அலுவலர் மின்னஞ்சலுக்கு எழுதுங்க.

ரெண்டு: கணக்கு விவரம் கேளுங்க. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு, தனித்தனியா. அபராதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கிறதுல வெட்கமே வேண்டாம். நான் ஸ்டூடண்ட், நம்பர் மாறினதால தகவல் வரலன்னு எழுதினேன். 3,870-ல் அபராதத்துல ஒரு பகுதியைக் குறைச்சு 3,100 கட்டச் சொன்னாங்க.

மூணு: பணம் போடுறதுக்கு முன்னாடி எழுத்துல ஒரு கேள்வி கேளுங்க. "இந்தத் தொகையைக் கட்டினா என் கணக்கு 'குளோஸ்டு'ன்னு பதிவாகுமா, 'செட்டில்டு'ன்னு பதிவாகுமா?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் வர்ற வரைக்கும் ஒரு ரூபாய் அனுப்பாதீங்க. அபராதம் குறைச்சாலும் "குளோஸ்டு"ன்னு பதியறோம்னு எழுத்துல வாங்கினேன். அதுக்கு மூணு மெயில் ஆச்சு.

நாலு: நிறுவனத்தோட சொந்தக் கணக்குக்கோ, அவங்க இணையதளம் வழியாவோ மட்டும் கட்டுங்க. தனி ஆள் யுபிஐக்கு வேண்டவே வேண்டாம்.

அஞ்சு: கட்டின பிறகு பாக்கி இல்லைங்கிற சான்றை வாங்குங்க. என்ஓசின்னு கேட்டா புரியும். கடன் விவரத்தைக் குறைந்தது 15 நாளுக்கு ஒரு தடவை அனுப்பணும்னு 2025 ஜனவரியில விதி நடைமுறைக்கு வந்தது. அதனால ஒண்ணு ஒன்றரை மாசத்துக்குள்ள ரிப்போர்ட் மாறியிருக்கணும். மாறலன்னா, கையில இருக்கிற என்ஓசியோட மறுபடியும் படி 3.

முழுசா கட்ட வழியே இல்லைன்னா? செட்டில்மென்ட்டைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். கழுத்தை நெரிக்கிற கடன்ல இருந்து வெளிய வர அது ஒரு வழி. ஆனா தெரிஞ்சே போங்க: ரிப்போர்ட்ல அந்த வார்த்தை நிக்கும், அதே நிறுவனம் குறைந்தது 12 மாசத்துக்கு உங்களுக்குப் புதுக் கடன் தராது. பின்னாடி கையில பணம் வந்ததும், விட்டுக்கொடுத்த மீதியையும் கட்டி "குளோஸ்டு"ன்னு மாத்த முடியுமான்னு கேட்கலாம்.

போன் அடிக்கிறவங்க

வசூல் பண்ற ஏஜென்ட்டுங்க காலையில 8 மணிக்கு முன்னாடியும், ராத்திரி 7 மணிக்கு மேலயும் கூப்பிடக் கூடாது. மிரட்டக் கூடாது, அசிங்கமா பேசக் கூடாது, உங்க சொந்தக்காரங்க, நண்பர்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது. 2022-ல் ரிசர்வ் வங்கி தெளிவா எழுதிக் கொடுத்த விதி இது. ஏஜென்ட் செய்யிற தப்புக்கு அவரை அனுப்பின நிறுவனம்தான் பொறுப்பு.

மீறினா நேரம், நம்பர், பேசினது எல்லாத்தையும் குறிச்சு அந்த நிறுவனத்துக்குப் புகார் அனுப்புங்க. 30 நாள்ல பதில் வரலன்னாலோ, பதில் திருப்தி இல்லைன்னாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சிஎம்எஸ் தளத்துல புகார் போடலாம், 14448-க்குக் கூப்பிட்டு விவரம் கேட்கலாம். காசு கிடையாது. கடன் தகவல் நிறுவனங்கள் மேலயும் அங்க புகார் போடலாம்.

காண்டாக்ட் லிஸ்ட்டை எடுத்து வெச்சுக்கிட்டு, போட்டோவை மார்ஃப் பண்ணி அனுப்புவேன்னு மிரட்டுற ஆப் வேற ரகம். அது குற்றம். ஒழுங்கான கடன் ஆப் உங்க காண்டாக்ட், கேலரியைத் தொடவே கூடாது. உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. அதைவிட முக்கியம், வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க. அவங்க வியாபாரமே நீங்க வெட்கப்பட்டு யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கங்கிற நம்பிக்கையிலதான் ஓடுது.

"ஜெயிலுக்குப் போகணும்"னு சொல்வாங்க. கடனைக் கட்ட முடியாமப் போறது மட்டும் கிரிமினல் குற்றம் இல்லை, அது சிவில் விவகாரம். ஆனா ஒரு கவனம்: நீங்க கொடுத்த செக் பணமில்லாம திரும்பினாலோ, வங்கிக் கணக்குல இருந்து தானா எடுக்கிற தவணை பணமில்லாம திரும்பினாலோ, அதுக்குச் சட்டத்துல குற்ற வழக்கு போட வழி இருக்கு. அதனால கட்ட முடியாதுன்னு தெரிஞ்சா முன்கூட்டியே எழுத்துல சொல்லுங்க.

"மூணு வருஷம் ஆனா கடன் காலாவதி"ன்னும் ஒரு பேச்சு ஓடுது. பாதி உண்மை. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, இந்த மாதிரி அடமானம் இல்லாத கடனுக்குப் பொதுவா மூணு வருஷத்துக்குள்ள வழக்கு போடணும். அதுக்குள்ள நீங்க ஒரு பகுதி கட்டினாலோ, கடன் இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, அந்தத் தேதியில இருந்து மூணு வருஷம் புதுசா ஆரம்பிக்கும். காலம் தாண்டினாலும் வழக்கு போடுற வழிதான் அடையும். கடன் அழியாது, ரிப்போர்ட்ல இருக்கிற பதிவும் போகாது. நீதிமன்றத்துல இருந்தோ மக்கள் நீதிமன்றத்துல இருந்தோ நோட்டீஸ் வந்தா கிழிச்சுப் போடாம மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. தகுதி உள்ளவங்களுக்கு அங்க சட்ட உதவி இலவசம்.

படி 5: புதுசா நல்ல பதிவு உருவாக்குங்க

பழசை முடிச்சா மட்டும் ஸ்கோர் பெருசா ஏறாது. அரியரை கிளியர் பண்ணினா போதாது, அடுத்த செமஸ்டர் ஜிபிஏ நல்லா வந்தாத்தான் சிஜிபிஏ ஏறும்.

அடி வாங்கின ஸ்கோருக்கு யாரும் கார்டு தர மாட்டாங்க. அதுக்கு ஒரு வழி, ஃபிக்சட் டெபாசிட் மேல கொடுக்கிற கிரெடிட் கார்டு. வங்கியில ஒரு தொகையை டெபாசிட் போட்டா, அதுல பெரும்பகுதியை லிமிட்டா வெச்சு கார்டு தருவாங்க. டெபாசிட் ஈடா இருக்கிறதால உங்க ஸ்கோரை அவ்வளவா பார்க்க மாட்டாங்க. டெபாசிட்டுக்கு வட்டியும் வரும். நான் ஸ்டைபெண்ட்ல சேர்த்த 15,000-ஐ போட்டு வாங்கினேன். அதுல மாசம் மொபைல் ரீசார்ஜும் பஸ் டிக்கெட்டும் மட்டும். பில் வந்ததும் முழுத் தொகையும் தானா கட்டுற மாதிரி செட் பண்ணிட்டேன்.

ரெண்டு விஷயம் கவனம். லிமிட்ல 30 சதவீதத்துக்குள்ள செலவு பண்றது நல்ல பழக்கம். 12,000 லிமிட்னா 3,600. ரெண்டாவது, பில்லுல "மினிமம் டியூ"ன்னு ஒரு சின்னத் தொகை போட்டிருக்கும். அதை மட்டும் கட்டினா டிபிடி ஏறாது, ஆனா மீதிக்கு மாசம் 3 சதவீதம், அதுக்கு மேலயும் கூட வட்டி ஓடும். வருஷத்துக்குக் கணக்குப் போட்டா 36-ஐத் தாண்டும். நம்ம ஊர் கந்துவட்டிக்குப் பக்கத்து வீடு.

கார்டு கையில இருந்தா செலவு பண்ணிடுவோம்னு பயமா இருந்தா வாங்கவே வேண்டாம். பழசை முடிச்சுட்டு, வேலைக்குப் போன பிறகு மெதுவா ஆரம்பிக்கலாம்.

கல்விக்கடன் இருக்கிறவங்களுக்கு

நம்மள்ல நிறைய பேருக்கு முதல் பெரிய கடன் இதுதான். வங்கிகளோட வழக்கமான திட்டத்துல படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம். அந்தக் காலத்துல கட்டாம இருக்கிறது தவறின கடன் ஆகாது. ஆனா வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். தனியார் நிதி நிறுவனக் கடனா இருந்தா படிக்கும்போதே வட்டி கட்டச் சொல்லியிருப்பாங்க. ஒப்பந்தத்தை இன்னிக்கே எடுத்துப் பாருங்க.

முக்கியமான விஷயம்: அந்தக் கடன்ல பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளி. நீங்க ஒரு தவணை தவறினா அவங்க ரிப்போர்ட்லயும் அது ஏறும். தங்கச்சி படிப்புக்கு அப்பா கடன் கேட்கப் போற அன்னைக்கு அது தெரிய வரும். அதனால மூணு வேலை பண்ணுங்க. முதல் தவணை தேதியைக் கேட்டு எழுதி வைங்க. பாஸ் ஆகி ஊர் மாறினா, நம்பர் மாறினா வங்கிக்குச் சொல்லுங்க. வேலை கிடைக்கலன்னா, தவணை தேதிக்கு முன்னாடியே கிளைக்குப் போய்க் காலநீட்டிப்பு கேட்டு எழுதிக் கொடுத்து, வாங்கிக்கிட்டதா முத்திரை வாங்குங்க. கொடுப்பாங்கன்னு உத்தரவாதம் இல்லை. ஆனா 90 நாள் தாண்டின பிறகு பேசுறதைவிட, முன்னாடி பேசுறவங்களுக்குத்தான் வழி திறக்கும்.

இன்னொண்ணு. ஃப்ரெண்டுக்காக உங்க பேர்ல போன் இஎம்ஐ எடுத்துக் கொடுக்காதீங்க, ஜாமீன் கையெழுத்தும் போடாதீங்க. "மாசாமாசம் ஜிபே பண்ணிடறேன் மச்சி"ங்கிறது ரிப்போர்ட்ல பதிவாகாது. உங்க பேர் மட்டும்தான் பதிவாகும்.

கடைசியா

3,100 கட்டினேன். என்ஓசி வந்தது. டிராக்டர் போச்சு. எட்டு மாசம் கழிச்சு இப்போ ஸ்கோர் 687. இன்னும் 750 ஆகல. ரிப்போர்ட்ல அந்தப் பழைய மாசங்கள் 060, 090-ன்னு இன்னும் நிக்குது. ஸ்டாண்டிங் அரியர் இல்லை, ஹிஸ்டரி இருக்கு. அது வெளியே போக இன்னும் காலம் ஆகும், பரவாயில்லை.

பைக், ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி, காசு கொடுத்தே வாங்கினேன். என்ஓசியை பிரிண்ட் எடுத்து அப்பாகிட்ட கொடுத்தேன். கண்ணாடி போட்டு முழுசா படிச்சார். "இதை முன்னாடியே சொல்லியிருந்தா அன்னைக்கே கட்டியிருக்கலாமேடா"ன்னு மட்டும் சொன்னார். அப்புறம் அதை எடுத்துட்டுப் போய், வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு வெச்சிருக்கிற தகரப் பெட்டியில வெச்சார்.

இந்த வாரம் லேப் இல்லாத ஒரு சாயங்காலம் போதும். ஒரு ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க. எல்லாம் சரியா இருந்தா நிம்மதியா மூடுங்க. ஏதாவது நின்னா, படி 2-ல இருந்து ஆரம்பிங்க. தனியா பார்க்கப் பயமா இருந்தா ரூம்மேட்டையும் பக்கத்துல உட்கார வெச்சுக்கோங்க. அவனுக்கும் ஒண்ணு இருக்கலாம்.